புதுமுகத்தின் தகப்பன்

ஒரு போனிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வாக்குத்தான் போடலாம். பதினோராவதைப் போட்டால் காசு வெட்டும், வாக்கு ஏறாது. அந்தக் கார்த்திகையில் இந்தச் சட்டம் தெரியாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. விடியக் கரைவலை இழுக்க வருகிறவர்கள் வாக்கைப் போட்ட பிறகுதான் கயிற்றில் கை வைத்தார்கள். வலை கரைக்கு வரும்வரை பாட்டெடுத்துக் கொடுக்கிற யாகப்பு அண்ணை பாட்டை மறந்துபோனார். "போட்டாச்சோ எல்லாரும்? போடாதவன் கயித்தை விட்டிட்டு அங்காலை நில்" என்பதே அவருடைய பாட்டாகிவிட்டது.

நான் சந்தியில் கடை வைத்திருக்கிறேன். பாண், ஐஸ், நைலோன் நூல், போன் ரீலோட். ஒட்டுசுட்டானில் பிறந்தவன், சைவக்காரன். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடக்கிற இந்தக் கத்தோலிக்க வேதக்கார ஊருக்கு வந்து பதினொரு வருசமாகியும் நான் வந்தான் வரத்தான்தான். ஆனால் வந்தவனிடம்தான் ஊர்க்கதை எல்லாம் வந்து சேரும். அவன் கடைக்காரனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வாக்கு எங்கள் ஜெயரூபினிக்கு. கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி, சனத்தின் வாக்கை வைத்து வருசாவருசம் 'மக்கள் விரும்பும் புதுமுகம்' என்று ஒருவரைத் தெரிவு செய்கிறது. கார்மென்ஸில் சட்டைக்குக் கழுத்துப்பட்டி பிடித்துக்கொண்டிருந்த பெட்டையை, தொலைக்காட்சி நாடகம் எடுக்கிற ஒருவர் மீன் விற்கிற பெண்ணாக நடிக்கக் கூட்டிப்போனார். இரண்டு கிழமைக்கென்று போனவளைச் சனத்துக்குப் பிடித்துவிட்டது. ஐந்து மாதம் நடித்தாள். அவள் மீன் தட்டைத் தலையில் வைக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும், அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இப்போது புதுமுகங்கள் ஆறு பேரில் அவளும் ஒருத்தி. வென்றால் அடுத்த வருச நாடகத்தில் முதல் ஆள். தோற்றால் திரும்பவும் கழுத்துப்பட்டிதான்.

ஆறு பேரையும் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்திய அன்று, இறுதிப் போரில் தகப்பனை இழந்த பிள்ளை என்று ஜெயரூபினியைப் பற்றிச் சொன்னார்கள். அந்தத் தகப்பன் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை அப்போது என் கடைக்கு முன்னால் நின்று ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டிருந்தார்.

கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் அவரைப் பார்த்தோம். அவர் பாணைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, "பாண் பழசோ தவம்?" என்று என்னைக் கேட்டார். சுடச்சுட இருந்த பாண் அது.

இந்தப் பொய்யை யாரும் கொழும்பில் வைத்துச் செய்யவில்லை. அது இங்கே, பசியில் பிறந்த பொய். மாத்தளன் கரையில் காலில் செல் துண்டு பட்டுக் கிடந்த ஸ்ரனி அண்ணையைக் காயக்காரரோடு கப்பலில் ஏற்றினார்கள். கப்பலிலேயே ஆள் முடிந்துவிட்டதென்று யாரோ வந்து மனைவி றஞ்சனி அக்காவிடம் சொன்னார்கள். அவர் முகாமுக்குள் இருந்து அழுதார். அங்கே கூடாரத்துக்குள் வைத்த பூசையில் செத்தவர்களின் பெயர்களோடு புருசனின் பெயரையும் கொடுத்தார். ஆறு வயதுப் பிள்ளையை வவுனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லம் பொறுப்பெடுத்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளைத்தான் அங்கே எடுப்பார்கள். ஒன்றரை வருசம் கழித்து, ஆஸ்பத்திரியும் தடுப்பு முகாமும் கடந்து, நொண்டிக்கொண்டு ஸ்ரனி அண்ணை வந்து நின்றார். அப்போது பிள்ளை அங்கே இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வெளியிலை எடுத்தா எங்களோடை தறப்பாள் கொட்டிலுக்குள்ளைதான் கிடக்கோணும். அவள் அங்கை கிழமைக்கு மூண்டு முட்டை தின்னுறாள் தவம்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "மூண்டு முட்டைக்கு நான் செத்தா என்ன?"

அதனால் பிள்ளை பார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாமாவாகப் போனார். றஞ்சனி அக்காவின் தமையன். பிள்ளைக்கும் அப்படியே சொல்லிப் பழக்கினார்கள். பன்னிரண்டு வருசம் அவள் வீட்டுக்கு வருகிற லீவில் அப்பா, இல்லத்து வாசலில் மாமா. ஊருக்கு எல்லாம் தெரியும். இப்படி ஒரு வீட்டில் மட்டும் நடந்ததா என்ன, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொலைக்காட்சிக்காரர் அந்த இல்லத்துக்குப் போய், ஏட்டில் இருந்ததைப் படித்து, அதையே சொன்னார்கள். இனி அவள் அது பொய்யென்று சொன்னால் கள்ளி என்று பெயர் வரும். ஓமென்று சொன்னால் தகப்பன் செத்தவன்.

*

கார்த்திகை, அதாவது நவம்பர், வேதக்காரருக்குச் செத்தவர்களின் மாதம். இரண்டாந்தேதி பூசையில், அவரவர் எழுதிக்கொடுத்த பெயர்களைப் பங்குக் குருவான சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறகு எல்லோரும் மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போவார்கள். கல்லறை உள்ளவர்கள் கல்லறையில் கொளுத்துவார்கள். கடலிலும் சண்டையிலும் போனவர்களுக்கு நடுவில் நிற்கிற பெரிய சிலுவைதான் கல்லறை. வாக்கு முடிய முதல் ஒவ்வொரு புதுமுகத்தின் ஊரையும் படம் எடுத்துப் போடுவது தொலைக்காட்சிக்காரரின் வழக்கமாம். எங்கள் ஊருக்கு அவர்கள் தெரிந்தெடுத்த நாள் அதுதான்.

ஜெயரூபினி முதல் நாளே பஸ்ஸில் வந்துவிட்டாள். அன்று பின்னேரம் தூறல். றஞ்சனி அக்கா சொல்லிவிட்ட தேங்காயும் சீனியும் கொண்டு நான் போனபோது மூன்று பேரும் குசினிக்குள் இருந்தார்கள். அக்கா பலகையில் குந்தி இறாலுக்குக் கோது கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்ரனி அண்ணை கதவடியில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு, கால் பெருவிரலில் கண்ணியை மாட்டிப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இரும் தவம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார் அக்கா. நான் கதிரையை இழுத்துப்போட்டுக் குந்தினேன்.

ஜெயரூபினி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நாளைக்குப் பூசையிலை பேர் வாசிக்கிறதையும் எடுக்கப்போகினமாம். பேரைக் குடுத்துவிடச் சொன்னவை."

"ஆற்றை பேரை?"

"அப்பான்ரை."

அக்காவின் கை நின்றது. "அந்தா இருக்கிறார் கொப்பர். செத்தனியளோ எண்டு அவரைக் கேட்டிட்டுக் குடு."

அண்ணை வாயில் நூலைக் கடித்து அறுத்தார்.

"இஞ்சை பார் பிள்ளை" என்றார் அக்கா. "மனுசருக்குப் பொய் சொல்லலாம். நானும் பதினைஞ்சு வருசமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். எனக்கு அதிலை வெக்கம் இல்லை. ஆனா கோவிலிலை சொல்லேலாது. உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஊரே முழந்தாள் போட்டு, செத்தவைக்குக் கேக்கிற நித்திய இளைப்பாற்றியைக் கேட்டா, ஆண்டவர் குடுத்துப்போடுவர்."

"போனமுறை நீர் பேர் குடுத்து ரெண்டாம் வருசம் நான் வந்து நிண்டனான்" என்றார் அண்ணை. "எனக்கு ராசியான பூசை அது."

"பகிடி விடாதேங்கோ. அண்டைக்கு நான் அறியாமல் குடுத்தனான். ஆண்டவர் அதை மன்னிச்சு ஆளைத் திருப்பித் தந்தவர். இப்ப அறிஞ்சுகொண்டு குடுத்தா?"

"அம்மா சொல்லுறது சரி அப்பா" என்றாள் ஜெயரூபினி. "நான் ரஜிதன் அண்ணாட்டைச் சொல்லிவிடுறன், பேர் வேண்டாமெண்டு. அவர்தான் எடுக்க வாறவர். நல்லவர்."

"நல்லவன் ஏனெண்டு கேக்கமாட்டானோ?"

"கேட்டா உண்மையைச் சொல்லுறன்."

"சொன்னா?"

"சொன்னா என்ன, வோட்டு வராது. கார்மென்ஸுக்குப் போறன். போறவை எல்லாம் போய்க்கொண்டுதானே இருக்கினம்."

அண்ணை வலையைக் கீழே வைத்தார். "கையைக் காட்டு" என்றார். அவள் காட்டவில்லை. அவரே எட்டி அவளுடைய வலது கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். சுட்டுவிரல் நகம் நடுவால் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது. மெஷின் ஊசி நகத்துக்குள்ளால் இறங்கின இடம்.

"இது மாறிப்போச்சோ? இல்லைத்தானே. இனி ஒரு விரல் எனக்கு வேண்டாம்." கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தவம், பேனை வைச்சிருக்கிறியோ?"

கடைக்காரன் சட்டைப்பையில் பேனை இல்லாமல் இருக்குமா? அந்தப் பேனையை நான் கொடுத்திருக்கக்கூடாது என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். அப்போது கொடுத்தேன். சீனி சுற்றிவந்த தாளைக் கிழித்து, துடையில் வைத்து, அந்தோனிப்பிள்ளை ஸ்ரனிஸ்லஸ் என்று முழுப்பெயரையும் வடிவாக எழுதினார்.

"நீர் குடுக்க வேண்டாம் றஞ்சனி. நானே குடுக்கிறன். பாவமெண்டா அது என்னோடை போகட்டும்." தாளை நாலாக மடித்தார். "வோட்டு முடியட்டும். முடிஞ்சா அவங்களுக்கும் எங்களுக்கும் என்ன கதை? மார்கழியிலை நத்தார்ப் பெருநாளுக்கு வருவாய்தானே பிள்ளை. வந்து பஸ்ஸாலை இறங்கேக்கை, தவத்தின்ரை கடையடியிலை நிண்டு, ஊர் கேக்க அப்பா எண்டு ஒருக்காக் கூப்பிடு. வெளியிலை வைச்சு ஒருநாளும் நீ கூப்பிட்டதில்லை. அது ஒண்டு காணும் எனக்கு."

ஜெயரூபினி எழுந்து வெளியே போய்த் தூறலுக்குள் நின்றாள். அக்கா இறாலைக் கழுவினார். நாலு தரம் கழுவினார். எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

*

அடுத்தநாள் விடிய வந்த வான் வண்டியில் நாலு பேர். ரஜிதன் என்பவன் முப்பது வயதுக்குள்தான் இருப்பான். நிலத்தில் சப்பாணி போட்டிருந்து எங்களோடு பாணும் சம்பலும் தின்றான். அவனைத் திட்டவேண்டும் என்று எனக்கு ஆசை, ஆனால் திட்டுவதற்கு ஒன்றும் அவன் செய்யவில்லை. ஜெயரூபினியின் அப்பா தொழில் செய்த இடத்தைக் காட்டவேண்டும், யார் தடியூன்றி வள்ளம் தாங்குவார்கள் என்று கேட்டான். ஊரில் மற்ற ஆட்களெல்லாம் கரைவலையில் நின்றார்கள். ஸ்ரனி அண்ணை தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற வெள்ளித் தட்டைப் பிடிக்க ஆள் இல்லையென்று என்னையும் ஏற்றினார்கள்.

நந்திக்கடலில் அப்போது மழைத்தண்ணீர் வந்து கலங்கிக் கிடந்தது. இறால் பெருகுகிற காலம். அண்ணை சுகமான காலை ஊன்றி, மற்றக் காலை வள்ளத்தின் விளிம்பில் அண்டக்கொடுத்துத் தாங்கினார். நடு வாவியில் வள்ளத்தை நிறுத்தச் சொன்னான் ரஜிதன்.

"அங்கிள், நீங்க இவங்களுக்கு என்ன முறை?"

"தாய்மாமன்" என்றார் அண்ணை. யோசிக்கவே இல்லை.

"அப்ப றஞ்சனி அம்மா உங்க தங்கச்சி. தங்கச்சி புருசனைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன். கமராவைப் பாக்க வேணாம், என்னைப் பாத்துச் சொல்லுங்க."

ஜெயரூபினி வள்ளத்தின் முன்பக்கம் இருந்தாள். திரும்பவில்லை.

"அவனோ... அவன் நல்ல தொழில்காரன்" என்று தொடங்கினார் அண்ணை. "வீச்சுவலை எறிஞ்சா வட்டமா விழும். எல்லாருக்கும் அப்பிடி விழாது. கொஞ்சம் முன்கோவம். கள்ளுக் குடிப்பான், பெரிசா இல்லை. பெண்சாதிக்கு ஒருக்காக் கை நீட்டினவன், பிறகு ஒரு மாசம் அவளின்ரை முகத்தைப் பாக்கேலாமல் திரிஞ்சவன். பிள்ளை எண்டா உசிர். தொழிலாலை வந்து கை கழுவாமல் தூக்குவான். தாய் பேசுவா, பிள்ளை மீன் மணக்குது எண்டு."

"கடைசியா எப்ப பாத்தீங்க அவரை?"

"மாத்தளனிலை. கால் சிதறிப்போச்சு. கப்பல் தூரத்திலை நிக்குது, கரைக்கு வரேலாது. தோணியிலை ஏத்தித்தான் கொண்டுபோறாங்கள். எழும்பி இருக்கேலாது, தலையை மட்டும் தூக்கிப் பாக்க, கரையிலை இவள் தாயின்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். காலிலை செருப்பில்லை. மணல் சுட்டிருக்கும், காலை மாத்தி மாத்தி வைக்கிறாள். கூப்பிட வாய் வருகுதில்லை. தோணி போகப்போகச் சின்னனாப் போகினம். பிறகு ஆரெண்டு தெரியேல்லை, சனமாத்தான் தெரிஞ்சுது."

கரையில் நின்ற மாமன் சொல்கிற கதையா இது? தோணிக்குள் கிடந்தவன் சொல்கிற கதை. ரஜிதன் பிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணும், கமராவை நிப்பாட்டுங்க" என்று மற்றவனிடம் சொன்னான். அண்ணைக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தான். ஜெயரூபினியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர்கள் முதலே எடுத்துவிட்டார்கள்.

பின்னேரம் பூசைக்கு நானும் போனேன். சைவக்காரன் என்றபடியால் எப்போதும் கடைசியில், கதவடியில்தான் நிற்பேன். அன்று பக்கத்தில் ஸ்ரனி அண்ணை நின்றார். சுவாமி ஊருக்கு மாறி வந்து மூன்று மாதம்தான், ஆளாளைத் தெரியாது. தெரியப்படுத்துவோம் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஏனென்றால் வாக்கு.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. பத்துப் பத்துப் பெயருக்கு ஒருதரம் சுவாமி நிறுத்துவார், சனம் மறுமொழி சொல்லும். "அந்தோனிப்பிள்ளை ஸ்ரனிஸ்லஸ்" என்று வாசித்தார். யாகப்பு அண்ணையின் தலை பின்னுக்குத் திரும்பி, உடனே முன்னுக்குப் போனது. பிறகு சுவாமி நிறுத்தினார். இவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும் ஆண்டவரே என்று ஊர் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. முன்வரிசையில் றஞ்சனி அக்கா மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது, கமராவின் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. என் பக்கத்திலும் ஒரு குரல் கேட்டது. ஸ்ரனி அண்ணையும் சேர்ந்து சொன்னார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"மற்ற ஒம்பது பேருக்கும் சொல்லவேணும்தானே" என்றார்.

*

அந்தப் படம் போன பிறகு வாக்கு மழை மாதிரிக் கொட்டியது. கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் ஆட்கள் இங்கே சொந்தக்காரரைப் பிடித்து வாக்குப் போடுவித்தார்கள். அந்தத் தாய்மாமன் அழுதது தங்களையும் அழவைத்ததென்று பேஸ்புக்கில் எழுதினார்கள். ஸ்ரனி அண்ணை புதுக்குடியிருப்புச் சந்தைக்கு இறால் கொண்டுபோனால், "நீங்கள்தானே அந்த மாமா" என்று கேட்டுப் படம் எடுத்தார்கள். அவரும் நின்று எடுத்தார். வாடைக்காற்று இறங்கி, கடல் கறுத்து, கரைவலை நின்றுபோன நாட்கள் அவை. தொழில் இல்லாத ஆட்கள் கடையில் குந்தியிருந்து வாக்கு எண்ணினார்கள்.

விருதுக்கு முதல் நாள் மத்தியானம் ஜெயரூபினி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். சண்டையில் செல் வெடித்த சத்தத்தில் ஒரு காது போனபடியால் அண்ணை எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார். கடையில் நான் மட்டும்தான்.

"அப்பா, ஒண்டு சொல்லுறன், பேசாதேங்கோ. வெண்டா நான் மேடையிலை வைச்சுச் சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"நீங்கள் இருக்கிறியள் எண்டு."

அண்ணையின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. நான் பார்த்தேன். வந்த வேகத்திலேயே போனது.

"விசர்க்கதை கதையாதை. சனம் இரங்கித்தானே போட்டது. செத்த அப்பனுக்காகப் போட்டது. அப்பன் உயிரோடை நிண்டு வள்ளமும் தாங்கி, மாமனெண்டு அழுதும் காட்டினவன் எண்டா, என்னையில்லை, உன்னைத்தான் காறித் துப்பும். அண்டைக்கே உன்னை அனுப்பிப்போடுவாங்கள்."

"துப்பட்டும்."

"அந்த இல்லத்துச் சிஸ்டர்மாரை நினைச்சுப் பார். உனக்குச் சோறு போட்டதுகள். பொய்க்கு இடங்குடுத்ததெண்டு அதுகளுக்கும் பேர் வரும். இப்ப அங்கை இருக்கிற பிள்ளையளுக்குப் பிறகு ஆர் குடுப்பினம்?"

அவள் அழுகிற சத்தம் கேட்டது. "அப்ப எப்பதான் அப்பா சொல்லுறது? நத்தாருக்கெண்டு சொன்னியள். நத்தாருக்கு இவையும் கமராவோடை வருகினமாம்."

அண்ணை ஐஸ் பெட்டி மூடியில் விரலால் கீறிக்கொண்டு நின்றார்.

"பாப்பம்" என்றார். "நீ வெண்டிட்டு வா."

*

விருது நாள் பின்னேரம் மழை விட்டிருந்தது. கடைத் தொலைக்காட்சியை வெளியே மேசையில் வைத்தேன். ஊர் முழுவதும் வந்தது. யாகப்பு அண்ணை வெடி வாங்கி வைத்திருந்தார். ஸ்ரனி அண்ணைக்கு முன்வரிசையில் கதிரை போட்டோம். றஞ்சனி அக்கா பெண்களோடு பக்கத்தில் நின்றார். கடையின் பேஸ்புக் பக்கத்தில் போடலாமென்று நான் என் போனில் சனத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்குப் பெயர் சொன்னார்கள். ஜெயரூபினி. சந்தியில் எழுந்த சத்தத்தில் காகங்கள் பனையை விட்டுப் பறந்தன. அவள் வெள்ளைச் சேலையில் மேடைக்கு வந்தாள். கண்ணாடிச் சிலையைக் கையில் வாங்கினாள். ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள். ஸ்ரனி அண்ணை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். சொல்லிப்போடாதை, சொல்லிப்போடாதை என்று அவர் வாய் முணுமுணுத்தது.

அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். ரஜிதனுக்கு, அம்மாவுக்கு, எங்கள் ஊருக்கு. கடைசியாக, "என்னுடைய மாமாவுக்கு" என்றாள். குரல் உடைந்தது. "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைப் பார்க்க வந்த என் மாமாவுக்கு. அவர் எனக்கு அப்பா மாதிரி."

மண்டபம் எழுந்து கை தட்டியது. எங்கள் ஆட்களும் தட்டினார்கள். வெடி வெடித்தது. சொன்னபடி நடந்த பிள்ளை, தகப்பன் சொல் தட்டாத பிள்ளை.

யாகப்பு அண்ணை ஓடிவந்து அவர் தோளில் அடித்தார். "உம்மைத்தான் சொல்லுறாள் ஸ்ரனி."

"ஓம்" என்றார் அண்ணை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "மாதிரி எண்டு சொல்லுறாள்."

அப்போதுதான் றஞ்சனி அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். கோவிலில் வாயைத் திறக்காத அக்கா. புருசனின் கையைப் பிடித்தார். "எழும்புங்கோ" என்றார். சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "மாதிரி இல்லை. அவளின்ரை அப்பா நீங்கள். என்ரை வயித்திலை நீங்கள் தந்த பிள்ளை அவள். இஞ்சை நிக்கிற எல்லாருக்கும் தெரியும். வாங்கோ, வீட்டை போவம்."

வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. ஒருவரும் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்ரனி அண்ணை சுற்றிவரப் பார்த்தார். "மெல்லக் கதையும் றஞ்சனி" என்றார் மனைவியிடம். "ஆரேனும் வீடியோ எடுப்பாங்கள்."

அவர் சுகமில்லாத காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் கடலோரப் பாதையால் போனார்கள்.

அடுத்தநாள் விடிய, நான் கடைப்பலகை கழற்ற முதலே அண்ணை வந்து நின்றார். பாண் கேட்கவில்லை.

"இரவு நீ எடுத்தனியோ தவம்?"

"எடுத்தனான் அண்ணை. ஒண்டிலையும் போடேல்லை."

"றஞ்சனி கதைச்சதும் கிடக்கோ?"

"ஓம்."

"அழிச்சுப்போடு. ஒருத்தற்றை கையிலையும் போகக்கூடாது."

நான் போனை எடுத்தேன். அழிக்கிற இடத்தில் விரலை வைக்கும்போது, "பொறு" என்றார். "முதல் ஒருக்காக் காட்டு."

போட்டேன். அவர் போனை வாங்கிக் கேட்கிற காதோடு வைத்துக்கொண்டார். படத்தைப் பார்க்கவில்லை. அவளின்ரை அப்பா நீங்கள் என்று அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. முடிந்ததும் என்னிடம் நீட்டினார்.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். கேட்டார். போனைத் திருப்பித் தந்து, சாரத்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இனி அழி" என்றார்.